கடிதத்தின் கடைசி வரி

உங்கள் மாமனாரின் தூக்க மாத்திரையில் பாதியை மூன்று இரவுகளாக மகளுக்குக் கொடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. இன்றிரவு கொடுக்காதீர்கள். முதியவருக்கு எழுதித் தந்த மாத்திரையைப் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மீதமுள்ள அட்டையைப் பூட்டி வையுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கண் எரிச்சல், தலைவலி, முடி கொட்டுதல் என்ற நீண்ட பட்டியலில் அஞ்சுவதற்கு அதிகம் இல்லை. மாலை 5 மணியிலிருந்து 9 மணிவரை கைப்பேசியில் நீட் வகுப்பைப் பார்த்தால் கண் எரியத்தான் செய்யும். திரையை உற்றுப் பார்க்கையில் நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. பார்வையை ஒருமுறை சோதித்துவிடுங்கள். நீல ஒளி மூளையைச் சுருக்கிவிடும் என்று யூடியூபில் கேட்டதை மறந்துவிடலாம். அப்படிப் பயமுறுத்துகிறவர்களில் பலர் அதற்கான கண்ணாடியையும் விற்கிறவர்களே.

உறக்கம் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக்கூடியதன்று. வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரம் இயல்பாகவே ஓரிரு மணி நேரம் பின்தங்கும். அதன்மேல் நேரலை வகுப்பும், பதிவுப் பாடங்களும், சந்தேகம் கேட்கும் வாட்ஸ்ஆப் குழுவும் சேர்ந்து அவளை நள்ளிரவு ஒரு மணிவரை விழிக்க வைக்கின்றன, பள்ளி வேனோ காலை 7 மணிக்கு வாசலில் நிற்கிறது. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். பதிவுப் பாடங்களை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள்; இரவு பத்தரைக்கு மேல் கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு, போகிற போக்கில் கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: இரண்டு மாதமாக அவள் மொட்டை மாடிக்குப் பூப்பந்து ஆடப் போவதில்லை, தோழி வந்தாலும் கதவைத் திறப்பதில்லை, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு ஃபீஸாவது மிச்சமாகும்" என்றும் சொன்னாள். நீங்கள் அஞ்சுவது இதற்குத்தான். நானும் இதற்குத்தான் அஞ்சுகிறேன். வகுப்பில் கேமராவை அணைத்து வைப்பது ஒரு பொருட்டே அல்ல, வகுப்பில் பாதிப் பேர் அதைச் செய்கிறார்கள். ஆனால் பாடத்தால் களைத்த பிள்ளை வகுப்பு முடிந்ததும் விளையாட ஓடும். பிடித்தவை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேலும் பிடிக்காமலே இருந்தால் அதைக் களைப்பு என்று கொள்ள முடியாது, மனச்சோர்வு நோயா என்று பார்த்தாக வேண்டும்.

இன்றே அவள் அருகில் அமர்ந்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகளே அதிகம். ஆம் என்றாலோ, மழுப்பினாலோ, ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவர் அவளைப் பார்க்க வேண்டும். அட்டையைப் பூட்டச் சொன்னது இதற்காகத்தான். எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ, தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலோ தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

உறவினர்கள் "கீழ்ப்பாக்கமா?" என்று கேலி செய்வார்கள் என்று தயங்குகிறீர்கள். 1794-இல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையின் பெயரை வசைச்சொல்லாக்கியது நம் சென்னைக்காரர்களின் பழைய அறியாமை. அங்கேயே போகலாம், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். மருத்துவர் அவளிடம் தனியாகப் பேச விரும்புவார். அப்போது நீங்கள் வெளியே காத்திருங்கள். வீடு திரும்பும் வழியில் என்ன பேசினாய் என்று துருவாதீர்கள்.