ஃபில்டர் போட்டாச்சு, அப்புறம்?

கேள்வி: எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் ஃபில்டர் இருக்கிறது. இருந்தும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ப்ராஜெக்டுக்குப் படம் தேடும்போது ஆபாசப் படம் ஒன்று வந்துவிட்டது. நான் எல்லோர் முன்பும் சத்தம் போட்டுவிட்டேன். இப்போது நான் பக்கத்தில் போனாலே பிள்ளைகள் சட்டென்று டேபை மூடுகிறார்கள். இன்னும் நல்ல ஃபில்டர் ஏதாவது இருக்கிறதா? - ஓர் ஆசிரியை

பதில்: இருக்கிறது. ஆனால் உங்கள் பிரச்சினை இப்போது ஃபில்டர் இல்லை, அந்த மூடுகிற டேப்தான்.

முதலில் ஃபில்டரை முடித்துவிடுவோம். சாதாரண ஃபில்டர் தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் தடுக்கும். கூகுளைத் திறக்க விட்டால், அதற்குள் என்ன படம் வருகிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் தேடலில் ஆபாசப் படங்களை வடிகட்டும் கூகுளின் சேஃப்சர்ச்சை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக ஆன் செய்யாமல், நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய எண் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) வழியாகவே பூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விவரமான பையன் ரெண்டு க்ளிக்கில் எடுத்துவிடுவான். பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் யூடியூபின் ரெஸ்ட்ரிக்டட் மோடையும் அப்படியே பூட்டலாம். இத்தனைக்குப் பிறகும் ஏதாவது தப்பி வரத்தான் செய்யும், சேஃப்சர்ச் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது என்று கூகுளே சொல்கிறது. பையில் சொந்த டேட்டாவோடு ஒரு போன் இருந்தால் லேப் ஃபில்டருக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, அந்தப் பையன். திட்டியது எல்லோர் முன்பும் என்றால், 'தேடினபோது தானா வந்தது, உன் தப்பில்லை, நான் கத்தினதுதான் தப்பு' என்று சொல்வதும் எல்லோர் முன்பும்தான். கஷ்டமாகத்தான் இருக்கும். அப்புறம் வகுப்புக்கு ஒரே ஒரு பழக்கம்: வேண்டாதது வந்தால் டேபை மூடாதே, மானிட்டரை அணை, கையைத் தூக்கு. கை தூக்கியவனிடம் 'எப்படி வந்தது?' என்று மட்டும் கேளுங்கள், 'ஏன் பார்த்தாய்?' என்று கேட்டீர்களோ, அடுத்த கை தூக்காது. நாளைக்கு ஆன்லைன் கேமில் முகம் தெரியாத ஒருவன் 'ஃபோட்டோ அனுப்பு, வீட்டில் சொல்லாதே' என்று சாட் செய்தால், அதை எந்த ஃபில்டரும் உங்களிடம் வந்து சொல்லாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். ப்ரொஜெக்டரில் பாடம் எடுக்கும்போது உங்கள் சொந்த அக்கவுண்டில் இருக்காதீர்கள். ஒரு எழுத்தைத் தட்டியதும் நீங்கள் முன்பு தேடியதெல்லாம் வரிசையாகத் திரையில் நிற்கும், போதாக்குறைக்கு வாட்ஸ்அப் மெசேஜும் மூலையில் எட்டிப் பார்க்கும். வகுப்புக்கென்று பிரௌசரில் தனி ப்ரொஃபைல் ஒன்று போட ஐந்து நிமிடம்கூட ஆகாது.