கடையை விற்றவர் அடுத்த தெருவிலேயே கடை போடலாமா?

கும்பகோணத்தில் ஓர் இனிப்பகத்தைப் பெயரோடு வாங்கவிருப்பதாகவும், விற்பவர் அருகிலேயே மீண்டும் கடை தொடங்காதிருக்க ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவின்படி, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லுபடியாகாது. ஆனால் தொழிலின் நற்பெயரை, அதாவது வணிகர்கள் குட்வில் என்று சொல்வதை, விற்பவருக்கு அதே பிரிவு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது: வாங்கியவர் அத்தொழிலை நடத்தும் காலம்வரை, குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் அதுபோன்ற தொழிலைச் செய்வதில்லை என்று விற்பவர் ஒப்புக்கொள்ளலாம், அந்த எல்லை நியாயமானது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். எனவே ‘இந்தியா முழுவதும்’ என்று ஆசைப்பட்டு எழுதாமல், ‘கும்பகோணம் மாநகராட்சி எல்லைக்குள்’ என்பதுபோல் எழுதுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. கடையின் தளவாடங்களுக்கும் சரக்குக்கும் விலை போட்டுவிட்டு, நற்பெயரைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. அது விற்கப்பட்டதற்கே சான்று இல்லாவிட்டால் மேற்சொன்ன விதிவிலக்கைக் கோருவது கடினம். ஆகவே நற்பெயருக்குத் தனியாக ஒரு தொகையைக் குறிப்பிடுங்கள்.

வணிகச் சின்னத்தையும் மறக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி, பதிவுபெற்ற சின்னத்தை நற்பெயரோடும், அது இல்லாமலும் மாற்றித் தர முடியும் என்பதால், இரண்டும் உங்களுக்கே வருகின்றன என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள்.