அடுத்த புதன்கிழமை வருவீர்களா?

அன்புள்ள தங்கச்சி,

காரைதீவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைப் படிப்பித்ததுபோல இங்கும் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு வழிகாட்டியாகத் தொண்டு செய்ய ஆசை, புதிதாக வந்தவளை ஏற்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஏற்பார்கள். உங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பில் எங்கள் கல்லடி உப்போடையில் 1929இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தில் படித்தவன் நான். அந்த உரிமையோடு முதலில் ஒன்று கேட்கிறேன்: ஒரு வருடம் முழுக்க, கிழமைதோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் உங்களால் போக முடியுமா?

2004 டிசம்பர் 26 கடல் வந்துபோன பிறகு, கல்லடியில் ஒரு முகாமில் பிள்ளைகளோடு இருந்தேன். வெளியிலிருந்து நல்ல மனதுள்ள பலர் வர்ணப் பென்சில்களோடு வந்தார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், தலை வாரிவிட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அதன் பிறகும் நாவலடிச் சிறுமி ஒருத்தி பின்னேரமானால் வாசலில் வந்து நிற்பாள். அந்த அக்கா இன்றைக்கு வருவாரா என்று கேட்பாள். தாயைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைக்கு அது இரண்டாவது இழப்பு. வராமலே இருந்திருக்கலாம் என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அது தணியவில்லை.

இங்கே நான் வழிகாட்டியாகப் போனபோது எனக்குக் கிடைத்தவன் பத்து வயதுப் பையன், தமிழ்ப் பிள்ளை அல்ல. முதல் நாள் கணக்குக் கொப்பியோடு போனேன். அவன் அதைத் திறக்கவே இல்லை. நாலைந்து கிழமை சீட்டு விளையாடினோம், பேச்சில்லை. ஒரு நாள் எங்கள் வாவியைப் பற்றிச் சொன்னேன்: முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள் என்று. அடுத்த கிழமை நான் கதிரையில் அமர முன்பே, அந்த மீன் வாயால்தான் பாடுமா என்று கேட்டான். பேச்சு அங்கேதான் தொடங்கியது. கணக்கு வெகுநாள் கழித்து, அவனாகக் கேட்டபோது வந்தது.

ஜனவரியில் எனக்கு இரட்டை முறை வேலை விழுந்தது. ஒரு புதன்கிழமை சொல்லாமலே போகாமல் விட்டேன். அடுத்த முறை அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். புறப்படும்போது மட்டும், அடுத்த புதன்கிழமை வருவீர்களா என்றான். கல்லடி முகாம் வாசல் கண்முன் வந்து நின்றது. அதன் பிறகு சொல்லாமல் ஒரு நாளும் விட்டதில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு கனடாவில் 1913 முதல் இதைச் செய்கிறது. நேர்காணல், பயிற்சி எல்லாம் உண்டு. பாடசாலைக்குள்ளேயே கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சந்திக்கும் திட்டத்தில் சேருங்கள், கார் தேவையில்லை. பிள்ளைகளோடு பழகுபவர்களுக்கான பொலிஸ் சோதனை ஒன்று இருக்கிறது. உங்கள் பாலினமும் பிறந்த திகதியும் மன்னிப்புப் பெற்ற பாலியல் குற்றவாளி ஒருவருடையதோடு பொருந்தினால் கைரேகை கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தைக் கண்டு பயப்படாதீர்கள், அது குற்றச்சாட்டு அல்ல.

ஊரில் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விடுவோம், பசித்தால் சோறு போடுவோம். இங்கே தாய் தகப்பனும் அமைப்பும் சம்மதிக்காமல் வெளியே கூட்டிப்போகக் கூடாது. எனக்கு முதலில் மனம் நொந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் என் மகளை விடுவதாக நினைத்துப் பார்த்த பிறகு சரியென்று பட்டது. இன்னொன்று: யாருக்கும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால், சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நீங்களே நேரடியாக அறிவிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம்.

சான்று சொல்ல ஆட்கள் கேட்பார்கள். உங்கள் ஆங்கில வகுப்பு ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். ஊர்ப் பாடசாலை அதிபரின் கடிதத்தையும் எடுப்பியுங்கள். வேலை இன்னும் நிலைக்கவில்லை என்றால் இந்தப் பனிக்காலம் போகட்டும். செப்டெம்பரில் பாடசாலை தொடங்கும்போது விண்ணப்பியுங்கள்.