எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள்: பழைய எஸ்.யூ.வி. வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

சேலம் கொண்டலாம்பட்டியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வாங்கிய மறுவாரம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம், முன்பணம் கொடுக்குமுன் வந்திருக்கக் கூடாதா என்று சொல்ல நேரும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. அதற்காகவே இந்தக் கேள்வி நேரத்துக்கு ஒப்புக்கொண்டேன். விலை நிலவரமும் மின்சார வண்டியும் என் துறை அல்ல, மற்றவற்றைக் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி, பள்ளி ஆசிரியை: ஐயா, பதிவாகி இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆன கிரெட்டா டீசல் ஒன்றை ஐந்து ரோடு அருகே ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் பார்த்தோம். மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஓர் ஆண்டு வாரண்டி தாங்களே தருவதாகச் சொல்கிறார்கள். நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, முன்பணம் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். வாரண்டி என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களை விற்கிறார்கள். முதலாவது, வண்டி புதிதாக இருந்தபோது தயாரித்த நிறுவனம் கொடுத்தது. ஹூண்டாய் இதற்கு மூன்று ஆண்டு கொடுப்பதால் உங்களுக்கு நான்கு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தக் கெடு முடிவதற்குள் பணம் கட்டி அதே நிறுவனத்திடம் பெறுகிற எக்ஸ்டெண்டட் வாரண்டி. கெடு முடிந்தபின் போனால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள் என்பதால், மீட்டரில் குறைந்த எண்ணைக் காட்டிலும் இந்த நான்கு மாதமே இந்த வண்டியில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம். மூன்றாவது, விற்கிற கடைக்காரர் தம் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது. அதில் பெரும்பாலும் "எஞ்சின், கியர்பாக்ஸ் மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். டர்போ, இன்ஜெக்டர், ஏ.சி. கம்ப்ரசர், ஸ்டீயரிங் மோட்டார் எல்லாம் அந்த வரிக்கு வெளியே நின்றுவிடும். எந்தப் பட்டறையில் வேலை நடக்கும், ஒரு பழுதுக்கு எவ்வளவு ரூபாய் வரை தருவார்கள், கூலி யாருடையது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக மட்டும் பதில் வந்தால், வாரண்டியே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அடுத்து, இப்போதைய உரிமையாளரின் சம்மதத்தோடு வண்டி எண்ணைக் கொடுத்து, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய வரவுகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது, என்ன மாற்றினார்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும். அதோடு நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியையும் வாங்கி, நோ கிளெய்ம் போனஸ் என்ற கட்டத்தைத் தேடுங்கள். முதல் ஆண்டு இழப்பீடு கேட்காதவருக்கு 20 சதவீதமும், தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் கேட்காதவருக்கு 25 சதவீதமும் தள்ளுபடி கிடைக்கும். மூன்றாம் ஆண்டு பாலிசியில் அந்தக் கட்டம் பூஜ்யமாக இருந்தால், போன ஆண்டு கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் அல்லது பாலிசியைக் காலாவதியாக விட்டிருக்கிறார்கள் என்று பொருள். எதற்காக என்று கேளுங்கள். அந்தத் தள்ளுபடி விற்பவருக்கே சொந்தம் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

கடைசியாக, எல்லோருக்கும் நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சினுக்கு அருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். வெப்பம் அடித்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் முதல் சுற்றில் எழுப்பும் சத்தத்தையும், சைலன்சரில் முதலில் வரும் புகையையும் சூடான எஞ்சினில் கண்டுபிடிக்க முடியாது. அப்படியிருந்தால் நாளை வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.

ஏற்காடு நாகலூர், காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்: எங்கள் தோட்டத்துக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். ஹாரியரில் டெரெய்ன் மோடு இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் தரகர். நண்பர் டஸ்டர் வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எஸ்.யூ.வி. என்பது உருவத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. எத்தனை சக்கரங்களுக்கு எஞ்சினின் இழுவை போகிறது என்பதை அந்தச் சொல்லிலிருந்து அறிய முடியாது. டீசல் ஹாரியரில் முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே இழுவை உண்டு. டெரெய்ன் மோடு என்பது ஆக்ஸிலரேட்டர், பிரேக், வழுக்கல் கட்டுப்பாடு ஆகியவை நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் ஒரு நிரல். பின்சக்கரத்துக்கு அதனால் இழுவையைக் கொண்டுபோக இயலாது. கிரெட்டாவிலும் செல்டோஸிலும் நம் நாட்டில் ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகும்) வகையே வரவில்லை. எக்ஸ்.யூ.வி.700-இல் மேல்நிலை டீசல் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வந்தது. டஸ்டர் 2012-இல் வந்தபோது முன்சக்கர இழுவைதான். 2014-இல்தான் ஆல் வீல் டிரைவ் சேர்ந்தது, அதுவும் 110 குதிரைத்திறன் டீசலில் மட்டும். ஆகவே டஸ்டர் என்று பெயர் இருந்தால் போதாது, எந்த டஸ்டர் என்று பார்க்க வேண்டும்.

பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள். அதைக் கடையில் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து அடியில் பாருங்கள். டஸ்டரில் நடுவே இழுவையைக் கொண்டுபோகும் நீளமான தண்டு (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) பின்னோக்கிப் போய், பின்அச்சின் நடுவில் அந்த இழுவையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை தொங்க வேண்டும். ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்றவற்றில் இந்த அடையாளம் செல்லாது. அவற்றில் சாதாரண வகைக்கே பின்சக்கர இழுவை என்பதால், முன்அச்சுக்கு ஷாஃப்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தபின் தோட்டத்துப் பாதையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்கார்ப்பியோ வகை 4x4-ஐ உலர்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்பாதீர்கள். முன்னும் பின்னும் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் சுழல முயல்வதால் கியர்த் தொகுதி முறுக்கேறிக் கெடும். டஸ்டரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆல் வீல் டிரைவ் பாகங்களைச் சேலத்தில் யார் வரவழைத்துத் தருவார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள், ஏனென்றால் அந்தப் பழைய தலைமுறை டஸ்டரின் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்ப்பது மேட்டு நிலத்தில் இன்னும் முக்கியம். ஏற்காட்டுக் காலைக் குளிரில் டீசல் எஞ்சின் எடுக்கும் விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அம்மாபேட்டை: எத்தனை கிலோமீட்டர் வரை ஓடிய வண்டியை வாங்கலாம்?

பதில்: சர்வீஸ் சீட்டுகளோடு 1,20,000 ஓடிய டீசல் வண்டியை வாங்குவேன், சீட்டே இல்லாமல் 50,000 காட்டும் வண்டியை வாங்க மாட்டேன்.

ஆத்தூர்: பழைய வண்டிக்கு எந்த வங்கியில் வட்டி குறைவு?

பதில்: வங்கியில் கேளுங்கள். விற்பவரின் கடன் முடிந்துவிட்டதா என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஹைப்பாத்திகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு, இருந்தால், கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35-உம் கடன் தீர்ந்த கடிதமும் கைக்கு வராமல் முழுப்பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சூரமங்கலம்: வாரந்தோறும் ஏற்காடு போகிறோம். ஆட்டோமேட்டிக் வாங்கலாமா?

பதில்: எந்த ஆட்டோமேட்டிக் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டார்க் கன்வர்ட்டர் வகை எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துவதால் மலைக்கு நல்லது. உலர் கிளட்ச் கொண்ட டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச் வகை), விடுமுறை நாளில் கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊரும்போது சூடேறும். ஏ.எம்.டி.யில் (சாதாரணக் கியரையே தானாக மாற்றும் வகை) உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்ச்தான்; ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குமுன் அடிவாரத்திலிருந்து சில வளைவுகளாவது ஏற்றிப் பாருங்கள். இருபது வளைவும் ஏற முடிந்தால் இன்னும் நல்லது. ஏறும்போது எஞ்சின் சுற்று உயர்ந்தும் வேகம் உயராவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. எந்த வகையானாலும் சரிவில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை: டெல்லியிலிருந்து வரும் ஒன்பது வருட டீசல் வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பதில்: தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது, விலை குறைந்ததற்கு அதுவே காரணம்; 2025-இல் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, ஆயுள் வரி, கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு பாதி விலையாக இருக்கிறதா என்று பாருங்கள். வரித்தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

ஓமலூர்: 80,000 கிலோமீட்டர் அதிகமா?

பதில்: அம்மாபேட்டை அன்பருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

ஏற்காடு, ஓய்வுபெற்ற பொறியாளர்: எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பெரிதாகப் பேசுகிறீர்கள். மலையில் முதலில் போவது கிளட்ச், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், டயர். இவற்றில் ஒன்றையாவது எந்த வாரண்டியாவது ஏற்கிறதா? அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவைத்தால் ஆகாதா?

பதில்: ஏற்பதில்லை, ஐயா. தேய்ந்துபோகும் பொருள் எதையும் வாரண்டி ஏற்காது, அதில் உங்கள் பேச்சு முழுக்கச் சரி. தேயாமல் திடீரென்று கெடுகிறவற்றுக்காகவே அதை வாங்குகிறோம்: டர்போ, இன்ஜெக்டர், இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஆட்டோமேட்டிக் கியரின் மின்னணுப் பகுதி, தொடுதிரை. புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலில் வந்தபின் டீசல் வண்டியில் சென்சார்களும் பெருகிவிட்டன.

கன்னங்குறிச்சி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் வாரண்டி இருந்தும், வெளியில் ஹாரன் மாற்றும்போது ஒயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள்.

பதில்: இப்படி மறுத்த சீட்டுகள் என் பட்டறைக்கும் வந்திருக்கின்றன. ஆகவே பழைய வண்டியில் பாக்கி வாரண்டி இருப்பதாகச் சொன்னால், டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி ஒயர்கள் துணிநாடா சுற்றி ஒழுங்காக ஓடும். நடுவே பளபளக்கும் பிளாஸ்டிக் டேப் சுற்றிய முடிச்சு தெரிந்தால் அங்கே யாரோ வெட்டியிருக்கிறார்கள். சர்வீஸ் தேதி தவறியிருந்தாலும் இதே கதிதான்.

அடிவாரம், மெக்கானிக்: அண்ணா, பழைய பொலேரோவுக்கு இதெல்லாம் தேவையா? எங்கள் தெருவிலேயே சரிசெய்துவிடுகிறோம்.

பதில்: தேவையில்லை தம்பி. எளிமையான வண்டிக்கு நல்ல மெக்கானிக் போதும்.

ஏற்காடு, ஓய்வுபெற்ற பொறியாளர்: பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் மூன்று வண்டிகள். எதற்கும் வாரண்டி நீட்டித்ததில்லை. ஒன்றில் இன்ஜெக்டர் போயிற்று, என் கைப்பணத்தில் மாற்றினேன். மூன்றுக்கும் கட்டியிருக்க வேண்டிய தொகையைவிட அது குறைவு.

பதில்: உங்கள் கணக்கை மறுக்கவில்லை. மூன்று வண்டி வைத்திருப்பவர் ஒன்றின் நட்டத்தை மற்ற இரண்டின் மிச்சத்தில் தாங்கிக்கொள்கிறார், அந்த இன்ஜெக்டர் செலவு வந்த மாதம் உங்கள் வீட்டில் எதுவும் நின்றுபோகவில்லை. சம்பளத்தில் தவணை கட்டி ஒரே வண்டி வாங்கும் அஸ்தம்பட்டி ஆசிரியைக்கு அதே செலவு வந்தால், வண்டி பட்டறையில் நிற்கும், தவணை நிற்காது. அவர் வாங்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான். நீங்கள் வாங்க வேண்டாம். பொலேரோக்காரரும் வேண்டாம். டி.சி.டி. கியர் வண்டியைக் கெடு முடியுமுன் வாங்குகிறவர் யோசிக்காமல் எடுக்கலாம். இதற்கு மேல் இந்த வாதத்தை நீட்டினால் மற்றவர்களுக்கு நேரம் இருக்காது.

ஜாகீர் அம்மாபாளையம்: எக்கோஸ்போர்ட் வாங்கலாமா? கம்பெனியே இல்லை என்கிறார்கள்.

பதில்: ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, சர்வீஸ் அதோடு நின்றுவிடவில்லை. நல்ல வண்டி. கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்ற உடல் பாகங்கள் எத்தனை நாளில் வரும் என்று கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

மேட்டூர்: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன, அவை ஊர் மாறி விலைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள். சுருளின் அடியில் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி இருக்கும் குழியில் துருவையும், சீட்டுக்கு அடியில் உள்ள திருகுகளையும் பாருங்கள். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும்; எரியவே இல்லையென்றாலும் ஆபத்துதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

கிச்சிப்பாளையம்: 65,000 கிலோமீட்டர்...

பதில்: கிலோமீட்டர் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன். சர்வீஸ் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அஸ்தம்பட்டி, பள்ளி ஆசிரியை: ஐயா, சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம். கடைசியாக 38,000-இல் வந்திருக்கிறது, கணக்கு ஒத்துப்போகிறது. பாலிசியில் 25 சதவீதம் இருக்கிறது. வாங்கினால் வாரண்டி எங்கள் பெயருக்குத் தானாக மாறிவிடுமா?

பதில்: தானாக மாறும் என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. விற்பவர் படிவம் 29-இலும், இருவரும் படிவம் 30-இலும் கையெழுத்திட்டுப் பெயர் மாற்றத்தை முப்பது நாளுக்குள் விண்ணப்பியுங்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால், விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் மாற்றத்துக்குப் பதினான்கு நாள். புதிய ஆர்.சி. வந்ததும் அதன் நகலோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், உரிமையாளர் மாற்றத்தைக் கணினியில் ஏற்றச் சொல்லி, எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கும் அன்றே பணம் கட்டி, உங்கள் பெயரும் சேசிஸ் எண்ணும் சரியாக அச்சாகியிருக்கும் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். நான்கு மாதத்தில் ஒரு மாதம் ஆர்.டி.ஓ. வேலைக்கே போய்விடும் என்பதால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.