2029 ஏப்ரல் 13-ஐ நம்பி நிலத்தை விற்கலாமா?

2029 ஏப்ரல் 13 அன்று சிறுகோள் மோதி உலகம் அழியும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி, குடியாத்தம் நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் உங்கள் மாமியார் என்று கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாம். உங்கள் மாமியார் அஞ்சும் அபோபிஸ் சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோதாது; தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து சென்றுவிடும். மறுநாள் சித்திரை முதல் நாளை அவர் வழக்கம்போல் கொண்டாடலாம்.

அவருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பரில், அவதானிப்புகள் குறைவாக இருந்த நிலையில், மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை கணிக்கப்பட்டது உண்மை. கூடுதல் தரவுகள் கிடைத்ததும் அக்கணிப்பு கைவிடப்பட்டதுடன், அடுத்த நூறாண்டுகளுக்கேனும் ஆபத்தில்லை என்று 2021 இல் நாசா தெரிவித்தது. முதற்பாதி மட்டுமே இன்னும் சுற்றுகிறது என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: அச்செய்தியை அனுப்பியவரே நிலத்தை விலைக்குக் கேட்கிறாரா? உலகம் அழியுமென்றால் அவருக்குப் பத்திரப்பதிவு எதற்கு? 1962 இல் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடிய அஷ்டகிரகச் சேர்க்கையின்போதும் 1979 இல் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப் விழுந்தபோதும் பரவிய பீதியை மாமியாரின் வயதொத்தவர்களிடம் கேட்டாலே பாதி அச்சம் தீரும்.

ஆயினும், விண்கல் விழவே விழாது என்று அவரிடம் வாதிடாதீர்கள். 2013 இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே முன்னறிவிப்பின்றி வெடித்த கல்லால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இருப்பினும் அது சிறிய கல். அதனால் உலகம் அழியவில்லை.