மகாராஜா கதையை விடுங்கள், சேஸிஸ் எண் என்ன?

வணக்கம் சார். 1930-ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்ஸ் 20/25, பேப்பர் எதுவும் இல்லை, 'முதலில் ஒரு மகாராஜா வைத்திருந்தார்' என்று விற்பவர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

பானட்டைத் திறந்து சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண் தகட்டைப் படம் எடுங்கள். ஆரம்பகால 20/25 என்றால் ஜிஎக்ஸ்ஓ என்ற எழுத்துகளோடு இருக்கும். இன்ஜின் எண் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்பெனியின் பழைய சேஸிஸ் கார்டுகள் இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப்பின் காப்பகத்தில் இருக்கின்றன. வண்டியை முதலில் வாங்கியவர் யார், பாடி கட்டியது யார் என்பது அதில் தெரிந்துவிடும். மகாராஜா இருந்தால் அங்கே இருப்பார்!

பாடியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் கம்பெனி விற்றது வெறும் சேஸிஸ்தான். ஹூப்பர், பார்க்கர் போன்றவர்கள் மேலே பாடி கட்டினார்கள். பின்னாளில் சலூனை (கூரை மூடிய கார்) அறுத்து டூரர் (திறந்த கார்) ஆக்கிய வண்டிகள் நிறைய. நான் உடனிருந்து பார்த்த ஒரு காரில், பின்சீட்டைக் கழற்றினால் மரச்சட்டத்தில் பென்சிலால் ஒரு பாடி எண். கார் கதவின் கீழ்ப்படித் தகட்டில் பளபளத்த பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தகடு வேறு எந்த வண்டியிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

இடைப்பட்ட உரிமையாளர்களைப் பிடிப்பதுதான் கஷ்டம். பிரிட்டனில் ஓடிய வண்டி என்றால் லாக் புக் (1921 முதல் அங்கே நடைமுறையில் இருந்த வண்டிப் பதிவுப் புத்தகம்) கிடைக்கிறதா என்று விற்பவரையே கேளுங்கள், கைமாறிய விவரம் அதில் பதிவாகியிருக்கும்.

20/25 சொந்தமாக ஓட்டுகிறவர்களை நினைத்துச் செய்த சின்ன ரோல்ஸ். எனக்கு அந்த அரண்மனைக் கதை மேல் சந்தேகம்தான். கார்டு கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.