தி.நகர் போதுமா, பாரிமுனையும் போகணுமா?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்குச் சாமான் வாங்க அம்மாவும் நானும் சனி, ஞாயிறு இரண்டு நாள் சென்னை வருகிறோம். பட்டுப்புடவை, கொஞ்சம் நகை, பத்திரிகை, ரிட்டன் கிஃப்ட் எல்லாம் பார்க்க வேண்டும். தி.நகர் மட்டும் போதுமா?
- வாசகி, தருமபுரி

பதில்: புடவைக்கும் நகைக்கும் தி.நகர் போதும். மற்றதெல்லாம் பாரிமுனையில் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். அதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். அந்தப் பக்கத்து மொத்தக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு பூட்டியிருக்கும்.

பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, ரிட்டன் கிஃப்டுக்குக் காசிச் செட்டித் தெரு. சொந்தக்காரர்களுக்கு வைத்துக்கொடுக்கும் ரவிக்கைத் துணி, சட்டைத் துணிக்குக் கோடவுன் தெரு. உள்ளே நுழையும்போதே "சில்லறைக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். சிலர் கட்டாகத்தான் தருவார்கள்.

ஞாயிறு கடை திறக்கும் நேரத்துக்கே தி.நகர் போய்விடுங்கள், சாயங்காலம் நிற்க இடமிருக்காது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெருதான். அம்மாவுக்கு அந்த நெரிசல் ஒத்துவராது என்றால், 2023-இல் திறந்த ஆகாய நடைபாலத்தில் ஏறி நேராகப் பேருந்து நிலையத்தில் இறங்கலாம்.

புடவையில் 'சில்க் மார்க்' இருக்கிறதா என்று பாருங்கள். அது பட்டு நூலுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. ஜரிகை அசலா, 'டெஸ்டட்' எனப்படும் மலிவு ஜரிகையா என்பதைத் தனியாகக் கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள், அங்கே கடைக்கா பஞ்சம்?

நகையில் எல்லோரும் அன்றைய கிராம் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அது கடைக்குக் கடை பெரிதாக மாறாது. மாறுவது சேதாரமும் செய்கூலியும்தான், பேரம் பேச வேண்டியதும் அங்கேதான். கல் வைத்த நகையென்றால், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று எஸ்டிமேட்டில் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஹெச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்தக் குறியைப் போட்டால் தூய்மை எவ்வளவு என்று கடையிலேயே தெரிந்துவிடும். மூக்குத்தி மாதிரி 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு இது கட்டாயமில்லை.

அப்புறம் பில். வெளியூர்க்காரர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். (வீட்டுக்கு வந்தபிறகு கலர் பிடிக்கவில்லை என்பதெல்லாம் இதில் வராது, அது கடைக்காரர் மனசு.) கடைக்காரர் அசைந்து கொடுக்காவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் வழிக்கு வரவில்லையென்றால், வழக்குப் போடச் சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் "பில் இல்லாமல் எடுத்தால் விலை குறையும்" என்கிறார்களே, போன் வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கேபிள், கவர் வாங்குங்கள். பில் இல்லாமல் போன் வேண்டாம். நாளைக்கு வாரண்டி கேட்டுப் போனால் கையில் ஒரு அத்தாட்சியும் இருக்காது. பழைய போன் என்றால் இன்னும் ஜாக்கிரதை, திருட்டு போனாகவும் இருக்கலாம். காசு கொடுக்கும் முன்னால் அதில் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க எண் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதே எண்ணைப் போட்டால், முடக்கப்பட்ட போனா என்றும் தெரியும். கடைக்காரர் அதற்குள் அவசரப்படுத்தினால் போனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.